பட்டாளத்துக்குப் போன கப்பல்

(தொலைக்காட்சி வரலாற்று அரங்கில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)

அரங்கில் எனக்கு ஒதுக்கப்பட்டது பன்னிரண்டு நிமிடம். நிகழ்ச்சி நடத்தும்போது மற்றவர்களை "நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளுங்கள்" என்று அவசரப்படுத்துவது என் வேலை. அன்றைக்கு என்னை அவசரப்படுத்தினார்கள்! அங்கே சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

"கப்பலேறி வந்தவர்கள்" என்பதுதான் அன்றைய தலைப்பு. நம்மவர்களிடம் கப்பல் என்று சொன்னால் உடனே வரும் பெயர் ரஜூலா. உங்கள் வீட்டிலும் ஒரு ரஜூலா கதை இருக்கும். தகரப் பெட்டி, பாய்ச் சுருள், டெக்கில் படுத்துக்கொண்டு வானத்தைப் பார்த்த கதை, வாந்தி எடுத்த கதை. அரங்கில் அமர்ந்திருந்த பெரியவர்களிடம் "உங்கள் குடும்பம் எந்தக் கப்பலில் வந்தது?" என்று கேட்டேன். பாதிப் பேர் ரஜூலா என்றார்கள். இளையவர்கள் சிலர் சிதம்பரம் என்றார்கள். நான் எதிர்பார்த்த பெயரை ஒருவரும் சொல்லவில்லை.

ரஜூலாவுக்கு ஒரு ஜோடிக் கப்பல் இருந்தது. அதன் பெயர் ரோனா.

எனக்கு அந்தப் பெயர் புத்தகத்தில் கிடைத்ததன்று. என் அப்பாவைப் பெற்றவர், நாங்கள் அப்பாயி என்று கூப்பிடுவோம், அவர் வாயிலிருந்து கிடைத்தது. லால்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, 1937-ல் தன் தாயாரோடு வந்தவர். அப்போது அவருக்கு ஏழு வயது. கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் ஏற்கெனவே பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம் சேர்வதற்காக வந்த பயணம். "எல்லாரும் ரஜூலா ரஜூலாம்பாங்க. நான் வந்தது ரோனா. அது பட்டாளத்துக்குப் போச்சு, திரும்பி வரல" என்று சொல்வார். பக்கத்து வீட்டுப் பையன் பட்டாளத்துக்குப் போய்த் திரும்பாததைச் சொல்வது போலவே சொல்வார். சின்ன வயதில் எனக்கு அது வேடிக்கையாக இருக்கும். கப்பல் எப்படிப் பட்டாளத்துக்குப் போகும்?

போனது. எப்படிப் போனது, என்ன ஆனது என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி, சுருக்கமாக பி.ஐ. கம்பெனி, 1926-ல் இரண்டு கப்பல்களைக் கட்டியது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்ற பாதைக்காகவே கட்டிய கப்பல்கள். ரஜூலா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் உருவானது. ரோனா இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றங்கரையிலுள்ள ஹெபர்ன் என்ற ஊரில் உருவானது. ரோனாவின் மொத்தக் கொள்ளளவு 8,602 டன். பி.ஐ. கம்பெனி தன் கப்பல்களுக்குப் பெரும்பாலும் 'ஆ' ஓசையில் முடியும் ஊர்ப் பெயர்களாகத் தேடிப் பிடித்து வைக்கும். ரஜூலா என்பது குஜராத்தில் ஓர் ஊர். ரோனா என்பது அன்றைய பஞ்சாபில் ஓர் ஊர். இந்த இரண்டு ஊர்களின் பெயரும் அங்கிருப்பவர்களைவிட நம் தோட்டத்துச் சனங்களுக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும் போலும்!

இந்தக் கப்பல்களை ஆடம்பரப் பயணக் கப்பல்களாக எண்ணிவிடாதீர்கள். மேல் வகுப்பில் சில பத்துப் பேருக்குத்தான் அறைகள். மற்றவர்கள் எல்லாரும் டெக் பயணிகள். எத்தனை பேர் தெரியுமா? ஒரு கப்பலுக்கு ஐயாயிரம் பேர் அளவுக்கு அனுமதி. படுக்கை கிடையாது, தடுப்பு கிடையாது. அவரவர் விரித்த பாய்தான் அவரவர் வீடு. ஆற்றில் இக்கரைக்கும் அக்கரைக்கும் போகும் தோணி போல இவை வங்கக் கடலில் போய் வந்துகொண்டிருந்தன. ரப்பர் விலை ஏறினால் இங்கே ஆள் கொண்டு வந்தன. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை படுத்தபோது, வேலை இல்லாமல் போன ஆயிரமாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் திரும்பிப் போனதும் கடல் வழியில்தான். கூலிக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938-ல் தடை செய்தது. என் அப்பாயி வந்தது அதற்கு முந்தின வருடம். கொஞ்சம் பிந்தியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அப்பாயியின் ரோனா நினைவுகள் கொஞ்சம்தான். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் ஏற்றிக்கொண்டு போய் அலை நடுவே கப்பலில் ஏற்றுவார்கள். அந்த இடத்தில் பயந்து அழுததைச் சொல்வார். அப்புறம் ஓர் ஆளைப் பற்றிச் சொல்வார். கப்பலில் வேலை பார்த்தவர், தமிழ் பேசத் தெரியாதவர். குழந்தைகள் குமட்டிக்கொண்டு கிடக்கும்போது, ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து ஆளுக்கொரு துண்டு எலுமிச்சை ஊறுகாய் கொடுப்பாராம். பெயர் தெரியாது. "ஊறுகாய்க்காரர்" என்றுதான் சொல்வார்.

இனி 1940-க்கு வருவோம். போர் வந்துவிட்டால் அரசாங்கம் பயணிகள் கப்பல்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். கேட்டு வாங்கும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன்; எடுத்துக்கொள்ளும். மேலே சாம்பல் வண்ணம் பூசுவார்கள், பீரங்கி பொருத்துவார்கள், பீரங்கிக்கு ஆட்களையும் ஏற்றுவார்கள். ஓட்டுகிறவர்கள் மட்டும் அதே பழைய ஊழியர்கள். அன்றுவரை பயணிகள் கப்பலாக இருந்தது அன்றிலிருந்து எதிரியின் கண்ணுக்குப் போர்க்கப்பல்.

நம் பக்கத்திலேயே இது எத்தனை கப்பல்களுக்கு நடந்தது! மலாயாக் கரையோரம் ஓடிய கோலா என்ற கப்பலும், கூச்சிங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய வைனர் புரூக் என்ற கப்பலும் அப்படித்தான் கடற்படைக்குப் போயின. சிங்கப்பூர் விழுவதற்கு முந்தின நாள், 1942 பிப்ரவரி 14-ஆம் தேதி, பெண்களும் குழந்தைகளும் தாதியரும் நிறைந்திருந்த அந்த இரண்டு கப்பல்களையும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. அவற்றைப் பற்றி ஆங்கிலத்தில் நிறையப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. அது தனிக் கதை, இன்னொரு வாரம் பேசலாம்.

ரோனாவும் 1940-ல் துருப்புக் கப்பலானது. ரஜூலாவும் போருக்குப் போனது. ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த பிறகு இந்தக் கரைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே போக்குவரத்தே நின்றுவிட்டது. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு ஊரிலிருந்து ஒரு கடிதம் கிடையாது. ரோனா எந்தக் கடலில் ஓடுகிறது என்று யாருக்குத் தெரியும்?

1943 நவம்பரில் அது மத்தியதரைக் கடலில் இருந்தது. ஆப்பிரிக்காவின் வடகரையில், அல்ஜீரியாவில், ஓரான் என்றொரு துறைமுகம். அங்கே ஏறக்குறைய 2,000 அமெரிக்கப் படையினர் ரோனாவில் ஏறினார்கள். அவர்கள் போக வேண்டிய இடம் இந்தியா. சீனா, பர்மா, இந்தியா சேர்ந்த போர்முனைக்கு அனுப்பப்பட்டவர்கள். விமானத் தளம் கட்டும் 853-ஆவது பொறியியல் பட்டாளம் அவர்களில் முக்கியமானது. ஆக, சூயஸ் கால்வாய் வழியாக ரோனா பம்பாய்க்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தன் பழைய கடலின் பக்கம் முகம் வைத்திருந்தது என்று சொல்லலாம்.

அமெரிக்கச் சிப்பாய்களுக்கு அந்தக் கப்பல் பிடிக்கவே இல்லை. பிழைத்தவர்கள் சொன்ன நினைவுகளை வாசித்தால் குறைகளுக்குப் பஞ்சமில்லை. பழைய கப்பல், அழுக்கு, நெருக்கடி, ரொட்டியில் வண்டு. நவம்பர் 25 அவர்களுக்கு நன்றி நவிலும் திருநாள். வீட்டில் வான்கோழி விருந்து சாப்பிட வேண்டிய நாளில் இப்படி ஒரு சாப்பாடா என்ற கோபம் வேறு. அந்தக் குறைகள் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதை வாசித்தபோது எனக்கு ஒரு கணக்குத்தான் மனத்தில் ஓடியது. 2,000 பேருக்கு நெருக்கடி என்கிறார்கள். அதே டெக்கில்தான் 5,000 பேர் வரை ஏற்றலாம் என்று நம்மவர்களுக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஓரானிலிருந்து புறப்பட்டு, கிழக்கே போகும் பெரிய கப்பல் அணி ஒன்றில் ரோனா சேர்ந்துகொண்டது. மறுநாள், நவம்பர் 26, வெள்ளிக்கிழமை மாலை. அல்ஜீரியாவின் ஜிஜெல் கரைக்கு வடக்கே அணி போய்க்கொண்டிருந்தபோது ஜெர்மன் விமானங்கள் வந்தன. பிரான்சின் போர்தோ பக்கத்திலிருந்து வந்த ஹெயின்கெல் 177 என்ற நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்கள்.

அவை கொண்டு வந்த ஆயுதத்தைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். பின்னால் நடந்த மூடிமறைப்புக்கு அதுதான் காரணம். பெயர் ஹென்ஷெல் 293. சாதாரணக் குண்டு கைவிட்டால் நேரே கீழே விழும். இதற்குச் சின்னச் சிறகுகள் உண்டு, தள்ளிவிட ஒரு ராக்கெட் உண்டு, வாலில் எரியும் விளக்கு உண்டு. விமானத்தில் இருப்பவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே, ஒரு சின்னப் பிடியை அசைத்து, வானொலி அலை மூலமாக அதைத் திருப்புவார். கப்பல் விலகினால் குண்டும் விலகி வரும். இன்றைக்குப் பிள்ளைகள் டிரோன் ஓட்டுகிறார்களே, அந்த மாதிரி. 1943-ல் இது உலகத்துக்கே புதிது. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் முதல் தடவையாக எக்ரெட் என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல் இந்த ஆயுதத்தால் மூழ்கியிருந்தது.

அன்றைக்கு வீசியவற்றில் பெரும்பாலானவை குறி தவறின. ஒன்று தவறவில்லை. மாலை ஐந்தரை மணி வாக்கில் அது ரோனாவின் இடது பக்கத்தில் பாய்ந்து உள்ளே போய் வெடித்தது. இயந்திர அறை போனது. மின்சாரம் போனது. அதற்கு அடுத்திருந்த தளங்களில் அடைந்திருந்த சிப்பாய்களில் சுமார் 300 பேர் அந்த வெடிப்பிலேயே இறந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். கப்பல் தீப்பிடித்து, பின்பக்கமாகத் தாழ ஆரம்பித்தது.

ரோனாவில் 22 உயிர்காப்புப் படகுகள் இருந்தன. வெடிப்பில் சில நொறுங்கின. மீதியில் பலவற்றை இறக்க முடியவில்லை. கயிறும் கப்பியும் துருப்பிடித்தும் வண்ணப் பூச்சில் ஒட்டியும் இறுகிக் கிடந்தன என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இறங்கியவற்றிலும் அளவுக்கு மீறி ஆட்கள் ஏறியதால் கவிழ்ந்தன. சிப்பாய்கள் கடலில் குதித்தார்கள். அவர்களிடம் இருந்தது இடுப்பில் கட்டி ஊதும் ரப்பர் வளையம். அதை அக்குளுக்கு ஏற்றிக் கட்ட வேண்டும் என்று பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இடுப்பிலேயே இருந்தால் ஆளைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடும். பெரிய அலை, குளிர்ந்த தண்ணீர், சீக்கிரமே இருட்டு. சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரோனா மூழ்கியது.

பயனியர் என்ற அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் இருட்டிலும் நின்று 606 பேரைத் தூக்கியது. அத்தனை பேரைத் தாங்கும் கப்பலே இல்லை அது. கிளான் கேம்பல் என்ற சரக்குக் கப்பலும், ஆதர்ஸ்டோன் என்ற போர்க்கப்பலும், ஓர் இழுவைக் கப்பலும் மற்றவர்களைத் தூக்கின. கிளான் கேம்பலின் பக்கச் சுவர் உயரம். கைக்கு எட்டும் தூரத்தில் கப்பல் இருந்தும், ஏற முடியாமல், அலை மோதி இறந்தவர்கள் உண்டு.

மொத்தம் 1,100-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கப் படையினர். அமெரிக்கத் தரைப்படையினர் எதிரியின் தாக்குதலில் ஒரே கப்பலோடு கடலில் மடிந்ததில் இதுவே மிகப் பெரியது. பேர்ல் துறைமுகத்தில் மூழ்கிய அரிசோனாவில் இறந்தவர்கள் 1,177 பேர். அரிசோனாவின் பெயர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ரோனா?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. வானொலியால் திருப்பும் குண்டு இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதை ஜெர்மனி தெரிந்துகொள்ளக் கூடாது, வீட்டில் இருக்கும் சனங்களும் கலங்கக் கூடாது என்று விஷயத்தை மூடினார்கள். பிழைத்தவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. குடும்பங்களுக்கு முதலில் "காணவில்லை" என்று தந்தி. 1944 பிப்ரவரியில், ஐரோப்பியக் கடலில் ஒரு கப்பல் மூழ்கி ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தார்கள் என்று மட்டும் ஒப்புக்கொண்டார்கள். கப்பலின் பெயர் இல்லை. நீர்மூழ்கியின் வேலை என்று எண்ணும்படி விட்டுவிட்டார்கள். 1945-ல் இன்னும் கொஞ்சம் சொன்னார்கள். குண்டைப் பற்றி அப்போதும் வாய் திறக்கவில்லை. ஆவணங்கள் வெளியே வந்தது 1967-ல். அதற்குள் எத்தனையோ தாய் தகப்பன்மார் மகன் எப்படிச் செத்தான் என்று தெரியாமலே போய்விட்டார்கள். அலபாமா மாநிலத்தில் நினைவுச் சின்னம் எழுந்தது 1996-ல். அமெரிக்க நாடாளுமன்றம் ரோனாவில் இருந்தவர்களை நினைவுகூர்ந்து தீர்மானம் போட்டது 2000-ஆம் ஆண்டில், ஐம்பத்தேழு வருடம் கழித்து.

போர்க்காலத்தில் ரகசியம் காப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். 1943-ல் அது தேவைதான். 1950-லும் தேவையா, 1960-லும் தேவையா என்பதுதான் கேள்வி. ஜெர்மனியே தோற்றுப் போன பிறகு யாரிடமிருந்து மறைத்தார்கள்?

இதையெல்லாம் நான் 2014-ல் தேடிப் படித்தேன். அப்போது அப்பாயி இருந்தார். எண்பத்து நான்கு வயது, காது கொஞ்சம் மந்தம், ஞாபகம் மட்டும் கூர்மை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னேன். "அப்பாயி, ரோனா எங்கே போச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். அமெரிக்காக்காரன் ஆயிரம் பேரோட முழுகிப் போச்சு." கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டது ஒரே கேள்வி.

"அமெரிக்காக்காரன் சரி. கப்பல்ல வேல பாத்தவங்க என்ன ஆனாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அதுவரை நான் படித்த எல்லாவற்றிலும் அந்த ஊழியர்கள் இருந்தார்கள். ஆனால் படித்துக்கொண்டே தாண்டிப் போயிருந்தேன். ஊறுகாய்க்காரர் 1937-ல் இருந்தவர். 1943-லும் அதே கப்பலில் இருந்தாரா என்பது யாருக்கும் தெரியாது. இருந்தாலும் கேட்கப்பட்ட கேள்வி கேட்கப்பட்டதுதானே. மறுபடி உட்கார்ந்து படித்தேன்.

ரோனாவை ஓட்டியது ஆஸ்திரேலியரான கேப்டன் மர்ஃபியும் ஒரு சில வெள்ளைக்கார அதிகாரிகளும், அவர்களுக்குக் கீழே இந்திய ஊழியர்களும். அந்தக் காலத்தில் இவர்களை லஸ்கர்கள் என்பார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் பொதுவாக அடுப்பறையில் கரி அள்ளிப் போடுபவர் சில்ஹெட்காரராக இருப்பார், சாப்பாடு பரிமாறுபவர் கோவாக்காரராக இருப்பார். ஒரே கப்பலில் வெள்ளைக்கார மாலுமி வாங்கும் சம்பளத்தில் இவர்களுக்கு ஒரு சிறு பகுதிதான். 1939-ல் போர் ஆரம்பித்ததும், உயிரைப் பணயம் வைக்கச் சொல்கிறீர்கள், சம்பளத்தைக் கூட்டுங்கள் என்று பல துறைமுகங்களில் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிறைக்கும் போனார்கள்.

பிழைத்த அமெரிக்கர்களின் நினைவுகளில் இந்த ஊழியர்களைப் பற்றி ஒரு குற்றச்சாட்டு திரும்பத் திரும்ப வருகிறது. குண்டு விழுந்ததும் தங்கள் கடமையை விட்டுவிட்டு முதலில் படகில் ஏறிக்கொண்டார்கள், சிப்பாய்களுக்கு உதவவில்லை என்கிறார்கள். கண்ணால் கண்டவர்கள் சொல்கிறார்கள். இந்தியர் என்பதற்காக நான் அதைப் பொய் என்று தள்ளிவிடப் போவதில்லை. அந்த மாலையில் சிலர் அப்படிச் செய்திருக்கலாம். எரியும் கப்பலில் மனிதன் எப்படி நடந்துகொள்வான் என்று குளிர்சாதன அறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல நான் யார்?

ஆனால் எண்ணிக்கை ஒன்று இருக்கிறது. ரோனாவின் ஊழியர்கள் ஏறக்குறைய 195 பேர். அவர்களில் ஏறக்குறைய 120 பேர் இறந்தார்கள். பத்தில் ஆறு பேர். அமெரிக்கச் சிப்பாய்களில் இறந்தவர்கள் இரண்டில் ஒருவர். முதலில் படகில் ஏறித் தப்பியவர்கள், மற்றவர்களைவிட அதிக விகிதத்தில் சாவது எப்படி?

இந்தக் கணக்கையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. குண்டு வெடித்ததே இயந்திர அறைப் பக்கம். அங்கே வேலையில் இருந்தவர்கள் முதல் நொடியிலேயே போயிருப்பார்கள். படகு வரை வந்திருக்கவே மாட்டார்கள். ஆகவே மேலே இருந்த ஊழியர்கள் யார் என்ன செய்தார்கள் என்பதை இந்த எண் முழுமையாகச் சொல்லிவிடாது. ஆனால் "ஊழியர்கள் ஓடிவிட்டார்கள்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதற்கு இந்த எண் இடம் கொடுக்காது. அடியில் நின்று இயந்திரத்தை ஓட்டிக்கொண்டே செத்தவனும் அந்த "ஊழியர்கள்" என்ற சொல்லுக்குள் இருக்கிறான்.

இன்னொன்று. அமெரிக்கச் சிப்பாய்களைக் கேட்க ஆள் இருந்தது. தாமதமானாலும் கேட்டார்கள், பதிவு செய்தார்கள், பிழைத்தவர்கள் சங்கம் கூட வைத்துக்கொண்டார்கள். பிழைத்த இந்திய ஊழியர்களைத் தேடிப் போய், "நீ அன்று எங்கே நின்றாய், என்ன பார்த்தாய்" என்று கேட்டு எழுதிய ஒரு பேட்டியும் எனக்கு இதுவரை வாசிக்கக் கிடைக்கவில்லை. ஒரு பக்கச் சாட்சி மட்டும் உள்ள வழக்கு இது. நிகழ்ச்சித் தொகுப்பாளராக எனக்கு இது உறுத்துகிறது. ஒலிவாங்கி யார் கையில் இருந்ததோ அவர் சொன்னதுதான் நின்றுவிட்டது.

நம் வீடுகளில் இது புதிய செய்தியா? ரோனா மூழ்கியதற்கு முந்தின மாதம்தான் சயாம் மரண ரயில் பாதை வேலை முடிந்தது. அங்கே இறந்த வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டத்திலிருந்து பிடித்துப் போகப்பட்ட நம்மவர்களில் பல்லாயிரம் பேருக்கு அப்படி ஒரு கல் இல்லை. அப்பாயியின் அப்பா, பெண்டாட்டி பிள்ளையைக் கப்பல் அனுப்பி வரவழைத்தவர், அவரும் சயாமுக்குப் போனவர்தான். "பட்டாளத்துக்குப் போச்சு, திரும்பி வரல" என்று அப்பாயி கப்பலைச் சொல்லும்போது, கூடவே யாரை நினைத்துக்கொண்டார் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை.

ரோனா ஊழியர்கள் முற்றிலும் மறக்கப்பட்டார்கள் என்று சொன்னால் அதுவும் தவறு. இரண்டாம் உலகப் போரில் கடலில் மடிந்த பிரிக்கப்படாத இந்தியாவின் மாலுமிகள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர். கடற்படையினரும் வணிகக் கப்பல் ஊழியர்களும் சேர்ந்த கணக்கு இது. பெரும்பாலானவர்கள் வணிகக் கப்பல் ஊழியர்களே. கடலைத் தவிர வேறு சமாதி இல்லாத அவர்களுடைய பெயர்களைப் பதிந்த ஏடு, மும்பையிலும் வங்காளதேசத்துச் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாடு, ஒரே பெயர்ப் பட்டியல். செத்தபோது அவர்கள் எல்லாரும் ஒரே நாட்டுக்காரர்கள்.

அரங்கில் இதைச் சொன்னபோது பார்வையாளர் ஒருவர், நடுத்தர வயதுக்காரர், எழுந்து கேட்டார். "இதெல்லாம் அமெரிக்கா கதை, இந்தியா கதை. நம் மலேசியத் தமிழனுக்கு இதில் என்ன இருக்கிறது?" நல்ல கேள்வி. நிகழ்ச்சி முடியும் நேரம், அவசரமாக ஏதோ சொல்லிவிட்டேன்.

இப்போது கேட்டால் இப்படிச் சொல்வேன். 1926 முதல் போர் வரும் வரை நாகப்பட்டினத்தில் படகேறிப் போய் நம் பாட்டன் பாட்டிமார் எந்தப் பலகையில் பாய் விரித்துப் படுத்தார்களோ, அந்தப் பலகை இன்று ஜிஜெலுக்கு வடக்கே கடலின் அடியில் கிடக்கிறது. அந்தக் கப்பலை ஓட்டி அவர்களைப் பத்திரமாகக் கொண்டு வந்து சேர்த்த அதே வகை மனிதர்கள்தான் அதனோடு போனார்கள். அவர்களைப் பற்றி எழுதியிருப்பதில் பெரும்பகுதி, அவர்கள் மேல் கோபமாக இருந்தவர்கள் எழுதியது. நம் வீட்டுக் கிழவிகளுக்கு அவர்களைப் பற்றி வேறு ஞாபகம் இருந்தது. அதையும் யாராவது எழுதி வைக்க வேண்டாமா?

ரஜூலா போரிலிருந்து திரும்பியது. 1946-க்குப் பிறகு புதுப்பித்து மறுபடி சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓட ஆரம்பித்தது. கடிதமே இல்லாமல் கிடந்தவர்கள் துறைமுகத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தார்கள் என்று சொல்வார்கள். ரோனாவும் வருமா என்று அப்பாயியின் தாயார் தெரிந்தவர்களிடமெல்லாம் விசாரித்தாராம். யாரோ, "அது பட்டாளத்துக்குப் போச்சு, ஆத்தா" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வாக்கியம்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை ஓடியது. ரஜூலாவை 1973-ல் இந்தியக் கப்பல் கழகத்துக்கு விற்றார்கள். ரங்கத் என்று பெயரை மாற்றிச் சிறிது காலம் ஓட்டி, 1974-ல் பம்பாயில் உடைத்துவிட்டார்கள்.

அப்பாயி 2016-ல் காலமானார். ஊழியர் கணக்கை அவரிடம் சொல்லியிருந்தேன். 195 பேரில் 120 பேர் என்றதும் விரல் மடக்கிக் கழித்துப் பார்த்தார். "அப்போ எழுபத்தஞ்சு பேர் பொழச்சிருக்காங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு நல்லா நீஞ்சுவாரா இருக்கும்" என்றார்.